ஊர் கூடிச் சுட்ட ரொட்டி

அரிசிச் சோறு உண்டு வளர்ந்த நாம், அலுவலின் பொருட்டுத் தலைநகர் வந்து லோதி ரோடு போன்ற பகுதிகளில் குடியேறியபின், கோதுமை ரொட்டிக்கும் பழகிக்கொண்டோம். ஆயினும், அந்த ரொட்டி பிறந்த கிராமத்து அடுப்பைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாட்டுப்புறத்தில் ரொட்டி சுடும் முறையை வகுப்பது பெரும்பாலும் எரிபொருளே. 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக் குடியானவர் பலர் வீட்டில் தனி ரொட்டி அடுப்பு இல்லை. சோடா உப்பும் மோரும் சேர்த்துப் பிசைந்த மாவை இரும்புச் சட்டியில் இட்டு மூடி, மூடியின் மேலும் தணலைப் பரப்பி வேகவைத்தார்கள். மோரின் புளிப்பும் சோடாவும் கூடி எழுப்பும் வாயு மாவை உப்பச் செய்தது.

பஞ்சாப் கிராமத்தார் கண்ட வழி தந்தூர். களிமண்ணில் வைக்கோல் கலந்து, வாய் குறுகிய பெரிய தாழிபோல் இதனை வனைவர். உள்ளே விறகோ பருத்திச் செடியின் காய்ந்த தண்டோ எரிந்து தணலானதும், தட்டிய மாவைச் சுவரில் அறைந்து ஒட்டுவர். மாவின் ஈரம் அதைப் பற்றிக்கொள்ளச் செய்கிறது. ஒருபுறம் சுவரின் சூடும், மறுபுறம் தணலின் அனலும் தாக்க, ஓரிரு நிமிடங்களில் ரொட்டி வெந்துவிடும். இரும்புக் கம்பியால் அதனை எடுப்பர்.

இத்தடித்த சுவரைச் சூடேற்ற விறகு மிகுதியாக வேண்டும். பத்து ரொட்டிக்கும் நூறு ரொட்டிக்கும் அந்தத் தொடக்கச் செலவு ஒன்றே. ஆதலின் பல குடும்பத்தார் ஒரே தந்தூரைப் பயன்படுத்தினர். இதற்கு ‘ஸாஞ்ஜா சூல்ஹா’, அதாவது பொது அடுப்பு, என்று பெயர். மாலையில் பெண்கள் பிசைந்த மாவுடன் அங்குக் கூடினர். ரொட்டி வேகும் பொழுதில் ஊர்ச் செய்தி பரவியது; துன்பமுற்றவருக்கு ஆறுதல் கிடைத்தது.

1947-இல் நாடு பிரிவினையுற்றபோது, மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடு இழந்து வந்தோர் பல்லாயிரவர் தில்லியில் குடியமர்ந்தனர். லோதி ரோட்டுக்கு அண்மையிலுள்ள லாஜ்பத் நகர் அவ்வாறு எழுந்த குடியிருப்பே. உடைமைகளை விட்டு வந்தவர்கள் தந்தூர்ப் பழக்கத்தை மறவாமல் கொணர்ந்தனர். புதிய ஊரில் அயலாரை உறவாக்கவும் அது துணை நின்றது.

வீடுதோறும் எரிவாயு வந்தபின் உழைப்பு குறைந்தது, அது நன்மையே. ஆனால் ஊரைக் கூட்டிய அடுப்பு அருகிவிட்டது. நாமும் ஊர் விட்டு வந்தவர்களே. அண்டை வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியரிடம் அவர்கள் ஊர்த் தந்தூரைப் பற்றிக் கேட்போமாக; நம் ஆட்டுக்கல்லின் கதையை அவர்களுக்குச் சொல்வோமாக. அடுப்பு தனித்தனியே ஆயினும், அயலுறவு பொதுவாக நிலவட்டும்.