மாத்திரைக்குள் மருந்தும் துணையும்

மாத்திரை என்றதும் இலக்கணம் பயிலும் மாணவர்களுக்குக் குறிலும் நெடிலும் நினைவுக்கு வரும். அங்கே அது ஒலியின் அளவு. மருந்துக்கடையிலோ மருந்தின் அளவு. ஆயினும் நாம் விழுங்கும் வில்லை முழுவதும் மருந்தன்று. மருந்தல்லாத பகுதிக்கும் பெரும் பணி உண்டு.

தூளை அச்சிலிட்டு அழுத்தி வில்லையாக்கும் முறைக்கு 1843இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் வில்லியம் பிராக்கெடன். அவர் மருத்துவரல்லர், ஓவியர்! பென்சிலுக்குரிய கிராஃபைட் தூளைக் கெட்டிப்படுத்த முயன்றவர், மாத்திரைக்கும் வழிகாட்டிவிட்டார்.

தைராய்டுக் குறைபாட்டிற்குத் தரும் தைராக்சின் மாத்திரை ஒன்றில் மருந்து 100 மைக்ரோகிராம் இருக்கும் எனக் கொள்வோம். 1 கிராம் மருந்து 10,000 மாத்திரைகளுக்குப் போதும். அத்துணைச் சிறு துகளை விரலால் எடுத்து உண்ண இயலுமோ? ஆகவே பால்சர்க்கரை போன்ற நிரப்புப்பொருளுடன் கலக்கின்றனர். கலவை சீராக இல்லையெனில் ஒரு மாத்திரையில் மருந்து மிகும், மற்றொன்றில் குறையும்.

புட்டுக்கு மாவு பிசிறுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே தூளைப் பசைநீர் விட்டுப் பிசிறி, சல்லடையில் தேய்த்து, உலர்த்திக் குருணையாக்குவர். அச்சில் ஒட்டாதிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் சிறிது சேர்ப்பர். அது நீரை விலக்கும் பொருள். மிகுந்தால் மாத்திரை கரையத் தாமதிக்கும். எனவே நீர் பட்டதும் உப்பிப் பிளக்கும் மாவுப்பொருளும் வேண்டும். புட்டியில் உடையாதது வயிற்றில் உடைய வேண்டுமன்றோ? மேலுறையில்லாத சாதாரண மாத்திரை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடத்திற்குள் சிதைய வேண்டுமென்பது விதி.

துணைப்பொருளை மாற்றுவது சிறு செயலன்று. ஆஸ்திரேலியாவில் 1968இல் வலிப்பு நோய்க்குரிய பெனிட்டாயின் குளிகைகளில் கால்சியம் சல்பேட்டிற்குப் பதிலாகப் பால்சர்க்கரையைச் சேர்த்தனர். மருந்தின் அளவு மாறவேயில்லை. ஆயினும் அது குருதியில் மிகுதியாகச் சேர்ந்து, நோயாளிகள் பலர் நஞ்சேறித் துன்புற்றனர்.

நானும் ஒரு பிழை செய்தவன். இரைப்பையில் கரையாது குடலில் கரையும்படி உறையிட்ட வலிமாத்திரையை, விழுங்க வருந்திய என் தமையனாருக்குப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். உறை எதற்கென்பதை, இரவெல்லாம் அவர் பட்ட வயிற்றெரிச்சலே எனக்குக் கற்பித்தது.

வயிற்றுக்கன்றித் தானியக் கிடங்கிற்கும் மாத்திரை உண்டு. வண்டுகளை அழிக்கப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை 3 கிராம் எடையுள்ளது. காற்றின் ஈரம் பட்டுச் சிதைந்து, சுமார் 1 கிராம் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளியிடும். இங்கே துணைப்பொருள்கள் காவலர்களாகின்றன. மெழுகு ஈரத்தை மெல்லப் புகவிட்டு, மாத்திரை இட்டவர் வெளியேற அவகாசம் தருகிறது. அம்மோனியம் கார்பமேட் சிதைந்து அம்மோனியாவும் கரியமிலவாயுவும் பிறக்கின்றன. முன்னதன் நெடி எச்சரிக்கும். பின்னது தீப்பற்றாமலிருக்க உதவும்.

எனினும் நெடியில்லை என்பதால் நஞ்சில்லை எனத் துணியலாகாது. பாஸ்பீனுக்கு முறிமருந்து இல்லை. மூட்டைகளிடையே இதனை வைத்து, பக்கத்து அறையில் உறங்கியோர் மாண்டதுண்டு. ஆதலால் இது வீட்டிற்குள் வரத்தகாத பொருள். பயிற்சி பெற்றோரே கிடங்கில் கையாளத் தக்கது. வாயு நீங்கியபின் எஞ்சும் சாம்பல்நிறத் தூளிலும் சிதையாத பாஸ்பைடு சிறிது தங்கியிருக்கலாம். அதனை வெறுங்கையால் அள்ளலாகாது.