பாயும் பழியும்

“மட்டக்களப்பிற்கு மாற்றமா? கவனம் தம்பி, பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்!”

யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்கு மாகாணத்திற்கு உத்தியோகம் பெற்றுப் புறப்படும் இளைஞருக்கு வீட்டுப் பெரியோர் கூறியனுப்பும் இவ்வெச்சரிக்கையை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். மட்டக்களப்பார் மாந்திரீகத்தால் மனிதரைப் பாயிலே கட்டிப்போடுவர் என்பது பொருள்.

இப்பேச்சுக்கு வித்து மாந்திரீகமன்று, மணமுறை என்பது என் எண்ணம். மட்டக்களப்பு நாட்டில் தாய்வழியே குடி வகுக்கப்படும். முஸ்லிம் மக்களிடத்தும் இவ்வழக்கு உண்டு. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகும். மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வான். வயலும் வாவியும் வஞ்சனையின்றிக் கொடுக்கும் நாட்டிலே உத்தியோகத்திற்கென வந்தவர் ஒருவர் மணம் முடித்து, வீடும் பெற்று, ஊர் திரும்பாது இருந்துவிட்டால், அவரைப் பெற்றவர்கள் வேறு யாது சொல்வார்கள்? மகன் விரும்பியே தங்கிவிட்டான் என்பதைக் காட்டிலும், மருந்து கொடுத்து மயக்கிவிட்டார்கள் என்பது மனத்திற்கு ஆறுதலன்றோ!

மாந்திரீக பூமி என்று பெயர் வாங்கிய இந்நாட்டுக் காரைதீவிலேதான் 1892-ஆம் ஆண்டு விபுலாநந்த அடிகள் பிறந்தார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. பாய்க் கதையைச் சொல்பவர்களுக்கு இந்நூல் நினைவில் வருவதில்லை.

எங்களுக்குக் கோபம் வராதா? வரும். வந்தால் உடனே 1968-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் செல்ல முயன்ற ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலிலே தடுக்கப்பட்டனர். சாதி காரணமாக இவ்வாறு தடுப்பது குற்றமென 1957-இலேயே சட்டம் பிறந்திருந்தது. தடுத்தவர்களின் முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம். சிங்களப் பெரும்பான்மையினர் தமிழரைச் சமமாக நடத்தவில்லை என்று கூறித் தனித் தமிழ் நாடு கேட்டவர்களுள் முற்பட்டவரும் அவரே! “இவர்களா எங்களைப் பழிப்பது?” என்று கேட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வோம். எங்கள் கோயில்களில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை, பறைமேளம் முழக்குபவர் எவ்விடத்தில் நிற்பது என்பவை அவ்வேளையில் எங்கள் நினைவுக்கு வருவதில்லை.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. அண்மையில் ஒரு நாள், பட்டினத்து நண்பர் ஒருவருடன் வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம் பார்க்கச் சென்றேன். நண்பர் வழிநெடுகக் கொதித்துக்கொண்டே வந்தார். வடக்கிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் அவர் வீட்டிலே கொடுத்த தேநீரைத் தொடாமலே வைத்துவிட்டுப் போனாராம்!

வெயில் கடுமையாக இருந்தது. குளக்கட்டிற்கு அருகே ஒரு மூதாட்டியின் வளவில் நிழலுக்கு ஒதுங்கினோம். அவர் செம்பிலே தண்ணீர் கொண்டுவந்தார். நண்பர் என் காதருகே குனிந்தார்.

“கவனம் அண்ணன், படுவான்கரைச் சனம். என்னத்தப் போட்டுத் தருவாங்களோ!”

அவருடைய பட்டினத்து வீட்டுக் குழாயில் வருவது இந்தக் குளத்து நீர்தான். வவுணதீவிலே சுத்திகரிக்கப்பட்டு, வாவியைத் தாண்டிப் போகிறது. குளத்தின் அயலிலுள்ள ஊரார், எங்களுக்குக் குழாய்நீர் இல்லையே என்று பலமுறை முறையிட்டதும் உண்டு. அந்நீரை நாள்தோறும் குடிக்கும் நண்பர், தாகத்தோடு செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானோ? சொல்ல வெட்கமாயிருக்கிறது. அவர் அவ்வாறு கூறியதும் நீட்டிய என் கையும் ஒரு கணம் தயங்கிற்று.

மூதாட்டியின் செவி கூர்மையானது.

“குடிங்க மனே, நல்ல தண்ணி. ஒண்டும் போடல்ல” என்று சிரித்தார். பின்னர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, குளத்திற்கு அப்பால் மேற்கே தெரிந்த காட்டைச் சுட்டிக் காட்டினார்.

“நாங்க அப்பிடி ஆக்கள் இல்ல. அந்த வேலையெல்லாம் அங்கால இருக்கிறவங்கதான் செய்யிற.”

நண்பர் தலையசைத்து ஆமோதித்தபடி செம்பை வாங்கினார்.