உமியோடு போன கடிதம்

சென்ற வருடம் ஒரு விஞ்ஞானப் பயிற்சிப் பட்டறைக்கு விண்ணப்பித்திருந்தேன். எனக்கென்று மின்னஞ்சல் இல்லாததால் வாப்பாவின் முகவரியைக் கொடுத்தேன். ஒவ்வொரு இரவும் வாப்பாவின் போனை வாங்கிப் பார்ப்பேன். விளம்பரங்களும் வங்கி அறிவித்தல்களும்தான் நிறைந்திருக்கும். "கெடைக்கல்ல போல மகள், விடுங்க" என்றார் உம்மா. இரண்டு கிழமை கழித்து நானா 'ஸ்பாம்' என்ற பெட்டியைத் திறந்தார். கடிதம் அங்கே கிடந்தது. நான் தெரிவாகியிருந்தேன். ஐந்து நாட்களுக்குள் பதில் அனுப்பும்படி அதில் எழுதியிருந்தது.

அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அன்று நானா கற்றுத் தந்தது உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஜீமெயில் போன்ற சேவைகள் வேண்டாத கடிதங்களைத் தாமாகவே பிரித்து ஸ்பாம் பெட்டியில் போடுகின்றன. சுளகில் அரிசி புடைக்கும்போது உமியோடு சில அரிசியும் சிந்துவதில்லையா? அதுபோல நல்ல கடிதமும் சில வேளை அங்கே விழுந்துவிடும். 30 நாட்கள் சென்றால் அது தானாகவே அழிந்தும் விடும்.

இதற்கு நாமே ஒரு விதி எழுதி வைக்கலாம். அதைத்தான் வடிகட்டி என்கிறோம். ஜீமெயிலின் போன் செயலியில் இதை அமைக்க முடியாது. கணினியில் இணையம் வழியாகத் திறக்க வேண்டும். மேலே உள்ள தேடல் பெட்டியின் வலது ஓரத்திலுள்ள சிறு அடையாளத்தை அழுத்துங்கள். அனுப்புநர் என்ற இடத்தில் விண்ணப்பித்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியை எழுதி, வடிகட்டியை உருவாக்கும் பொத்தானை அழுத்துங்கள். பின்பு இரண்டு கட்டளைகளைத் தெரிவு செய்யுங்கள். ஒன்று, ஸ்பாமுக்கு ஒருபோதும் அனுப்பாதே. மற்றது, லேபிள் இடு. 'விண்ணப்பங்கள்' என்று ஒரு லேபிள் வைத்தால் அந்த முகவரியிலிருந்து வரும் கடிதங்களை ஒரே இடத்தில் காணலாம்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. 'புலமைப்பரிசில்' போன்ற பொதுச் சொல்லை வைத்து விதி எழுதாதீர்கள். அதே சொல்லைப் போட்டு எழுதும் மோசடிக்காரருக்கும் கதவு திறந்துவிடும். முழு முகவரியையே எழுதுங்கள். அப்படி வந்த கடிதமானாலும் கடவுச்சொல்லையோ பணத்தையோ கேட்டால் கொடுக்க வேண்டாம்.

சில நிறுவனங்கள் வேறொரு முகவரியிலிருந்தும் பதில் அனுப்பலாம். ஆகவே வடிகட்டி இருந்தாலும் கிழமைக்கு ஒரு தடவை ஸ்பாம் பெட்டியைப் பார்ப்பது நல்லது.

பெற்றோரே, பிள்ளைகள் உங்கள் முகவரியைக் கொடுத்து விண்ணப்பித்தால், அன்றைக்கே இருவருமாக அமர்ந்து இதைச் செய்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

இந்த வருடமும் அதே பட்டறைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இம்முறை வடிகட்டியை அமைத்த பிறகுதான் விண்ணப்பத்தை அனுப்பினேன். எனக்காகத் துஆச் செய்யுங்கள்.