பத்தியம் முடிந்த பின் பருப்பு எவ்வளவு?

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டிக்கொண்டு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்போர் நம் அங்கத்தினர் குடும்பங்களில் உண்டு. கார்த்திகையில் மாலை அணிந்தோர் ஒரு மண்டலம் புலாலை விலக்குகின்றனர். மஞ்சட்காமாலை கண்டவரோ கீழாநெல்லியும் மோருமாக, உப்பும் புளியும் எண்ணெயும் இன்றி வாரக்கணக்கில் பத்தியம் காக்கிறார். விரதம் இருக்கும் முறையைச் சொல்ல வீட்டுக்கு வீடு பெரியவர்கள் உள்ளனர். அதிலிருந்து வெளிவரும் முறையைப் பற்றித்தான் பேச்சுக் குறைவு. பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலுள்ள புரதச் சத்தை மீண்டும் எந்த அளவில் சேர்ப்பது என்பதையே இவ்விதழில் ஆராய முற்படுகிறோம்.

இதில் இரு வகைத் தவறுகளை நாம் காண்கிறோம். மாலை கழற்றிய மறுநாளே கறி விருந்து வைத்து, ஒரு மண்டலத்துப் பாக்கியை ஒரே இலையில் தீர்ப்பது ஒன்று. நோய் தீர்ந்த பின்னும் ‘பருப்பு வாயு, முட்டை சூடு’ என்று மாதக்கணக்கில் அஞ்சி ஒதுக்குவது மற்றொன்று. முன்னதால் பெரும்பாலும் வயிறுதான் கெடும். பின்னதால் பிழைப்பே கெடும். செல்லூரிலோ பரமக்குடியிலோ குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் மிதிகட்டையை மிதிப்பவருக்கு முதல் என்பது தோளிலும் தொடையிலும் உள்ள தசைதான். படுக்கையில் கரைந்த தசையைப் புரதமின்றித் திரும்பப் பெற இயலாது. ஈரல் நோயாளிக்குப் புரதத்தைக் குறைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் ஆங்கில மருத்துவரிடையேயும் இருந்தது. இன்று அவர்கள் அதைப் பொது விதியாகக் கொள்வதில்லை. சாதாரணக் காமாலையில் மதுவை அறவே விலக்கி, ஏற்கும் அளவு நல்ல ஆகாரம் உண்ணும்படியே கூறுகின்றனர்.

ஆனால் புரதத்தை மட்டும் கூட்டினால் போதுமா? அமெரிக்க நாட்டு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் இதனைச் சோதித்தார். தாமே முன்வந்த 36 ஆடவர்கள் ஆறு மாதம் அரை வயிற்று உணவில் இருந்து இளைத்தனர். பின்னர் அவர்களைப் பிரித்து, சிலருக்குக் கூடுதல் புரதமும் சிலருக்குக் கூடுதல் வைட்டமின்களும் தந்து பார்த்தார்கள். அவற்றால் பெரிய வேறுபாடு விளையவில்லை. மொத்த உணவின் அளவு கூடியவர்களே விரைந்து தேறினர். காரணம் எளியது: அடுப்புக்கு விறகு போதாதபோது உடல் புரதத்தையே விறகாக எரித்துவிடுகிறது. சோற்றைக் குறைத்துக்கொண்டு முட்டையை மட்டும் கூட்டுவோர் இதனைக் கருதுவார்களாக.

நெடுநாள் பட்டினி கிடந்தவர் விஷயம் வேறு. திடீரென்று நிறைய உண்டால், அதிலும் சர்க்கரையும் மாவும் மிகுதியாக உண்டால், இரத்தத்திலுள்ள பாஸ்பரம், பொட்டாசியம் முதலிய உப்புகள் தாழ்ந்து இருதயமே தடுமாறக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் கடும் ஊட்டக் குறைவுற்ற குழந்தைகளுக்கு வகுத்த முறை இதனாலேயே இரு படியாக அமைந்தது. முதலில் கொடுக்கும் பாலில் 100 மில்லிக்கு 0.9 கிராம் புரதமே உண்டு. உடல் நிலைப்பட்ட பின்னரே 2.9 கிராம் உள்ள பால். நம் பாட்டிமார் முதலில் கஞ்சி, அப்புறம் பயற்றங்கஞ்சி, பிறகு பருப்பு ரசம் என்று ஏற்றிய படிகளும் இவ்வழிப்பட்டவையே. அவர்களைப் பத்தாம்பசலி என்று நகைப்பதற்கில்லை.

முடிவில் எட்ட வேண்டிய அளவு யாது? குன்னூரில் 1918இல் சிறு ஆய்வுக்கூடமாகத் தோன்றிப் பின் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த தேசிய ஊட்டச் சத்து நிறுவனம், 2020இல் வெளியிட்ட கணக்கின்படி உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. 55 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 46 கிராம். இதனை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பகிர்வது நலம்.

முதல் இரண்டு நாள் புழுங்கலரிசிக் கஞ்சியில் ஒரு கைப்பிடிக்குக் குறைவான பாசிப்பயறு, அதாவது 15 கிராம், சேர்த்தால் புரதம் மூன்றரை கிராம், உடன் மோர். ஏற்றுக்கொண்டால் இட்லி, தயிர், பிறகு சாம்பார். அதன் பின் முட்டை ஒன்று. அதில் 6 கிராம். மீனோ கறியோ கடைசியில் இரண்டு மூன்று துண்டு போதும்; 50 கிராமில் 9 அல்லது 10 கிராம் புரதம் கிடைத்துவிடும். புலால் உண்ணாதோர் குறைபட வேண்டியதில்லை. அரிசியில் குறைவான லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே நாளில் இலைக்கு வந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

ஆனால் பருப்பு இலைக்கு வருகிறதா என்பதே நம் கவலை. நியாய விலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு தருகின்றனர். நாளொன்றுக்கு 33 கிராம். அதில் புரதம் 7 கிராம். நால்வர் உள்ள வீட்டில் தலைக்கு இரண்டு கிராம்கூடத் தேறாது. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் திருமங்கலத்துக் கரிசலிலும் மொச்சையும் தட்டைப்பயறும் உளுந்தும் விளைவிக்கும் அங்கத்தினர், விதைக்கு வைத்தது போக அனைத்தையும் வியாபாரிக்கு அளந்துவிடாமல், வீட்டுக்கு ஆளுக்கு மாதம் ஒரு கிலோவேனும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்பது எமது துணிபு. பால் சங்கத்தில் பால் ஊற்றும் வீட்டிலும் குழந்தைக்கும் நோயாளிக்கும் ஒரு தம்ளர் நிற்கட்டும். 200 மில்லியில் 6 கிராம் உள்ளது.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மேற்சொன்ன கணக்குகள் பொருந்தா. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே கைக்கொள்ள வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதிருந்தவரும், நோயினால் மிக இளைத்தவரும் மருத்துவரைக் கேட்டே உணவைத் தொடங்குவது நல்லது. உண்ணத் தொடங்கிய சில நாட்களில் கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ படபடப்போ கண்டால், பத்தியம் தவறிய குற்றம் என்று வீட்டில் வைத்துக்கொண்டிராமல், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் என்ன உண்டார் என்பதையும் அங்கே மறவாமல் சொல்லுங்கள்.