சூரியன் குறையாத ஊரில் விளக்குக் கூடாரம் ஏன்?

பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகை சொச்சத்தில் அமைந்து, வருஷம் முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகலைத் தவறாது பெறுகின்ற பினாங்கு துறைமுகத்தில், ஜன்னலை அடைத்துக்கொண்டு, உட்புறம் ஒளியைப் பிரதிபலிக்கும் துணிக்கூடாரத்தில் மின்விளக்கின்கீழ்க் கீரை வளர்ப்பானேன் என்று கேட்பவரைக் குறைகூற இயலாது. காரணம் வெளிச்சமன்று, உஷ்ணம். லெட்டூஸ் போன்ற குளிர்தேசத்துக் கீரைகள் இவ்வூர் வெக்கையில் இலை செழிக்குமுன்பே பூந்தண்டு விட்டுக் கசந்துவிடுவதால்தான், குளிர்ந்த கேமரன் மலையிலிருந்து லாரியேறி வருகின்றன.

ஆயினும் கூடாரம் தானாகக் குளிர்ச்சி தந்துவிடாது. விளக்கு உண்ணும் மின்சாரம், ஒளியாகப் புறப்பட்ட பகுதி உட்பட, அநேகமாக முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே பரிணமிப்பதாலும், அதை வெளியேற்றும் விசிறி அறைக்காற்றையே உள்ளே இழுப்பதாலும், 30 டிகிரி அறையிலுள்ள கூடாரம் அதற்கும் சற்று மேலேயே நிற்கும். ஆகவே குளிர்சாதனம் அறைக்கே வேண்டும். மின்கட்டணத்தைப் பார்த்தபின் கேமரன் லாரியே சிலாக்கியமென்று சிலருக்குத் தோன்றலாம், எனக்கும் தோன்றுவதுண்டு.

கடற்காற்றின் ஈரமும் அற்பமன்று. காற்றில் நீராவி மிகுந்திருந்தால் இலையின் நீர் ஆவியாவது குன்றும். அது குன்றினால் நீரோடு மேலேறவேண்டிய சுண்ணச்சத்தும் குன்றி, இளந்தளிரின் விளிம்பு கருகும். எனவே செடி வைக்குமுன் ஒருநாள் முழுதும் விளக்கெரித்து, இலை நிற்கப்போகும் உயரத்தில் வெப்பமானியையும் ஈரமானியையும் தொங்கவிட்டுப் பரீட்சிக்கவேண்டும். விசிறி ஓடுகையில் துணிச்சுவர் சற்றே உட்குழிந்தால், உட்காற்று இடுக்குகளில் கசியாமல் குழாய்வழியே வெளியேறுகிறதென்று கொள்ளலாம்.