மிதி உணர்த்தும் பழுது

ஓடுதல் உந்து வண்டிக்கு அழகு. உரிய இடத்தில் நிற்றல் அதனினும் பேரழகு. இயந்திரம் பழுதுற்றால் பயணம் தடைப்படும். பிரேக்குப் பழுதுற்றாலோ உயிருக்கே இறுதி நேரும். ஆதலின், பழைய வண்டியைப் பேணுவோர் முதற்கண் அறிய வேண்டுவது பிரேக்கின் இயல்பேயாம்.

2014 ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில், பிரேக்கு எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தியதும், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எண்ணெய் குழாய்களின் வழியே சக்கரங்களை நோக்கி உந்தப்படுகிறது. அங்குள்ள சிறு சிலிண்டர்கள் பிரேக்குக் கட்டைகளை விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுந்தச் செய்கின்றன. அவ்வுராய்வினால் வண்டி நிற்கிறது. அடைபட்ட நீர்மத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை.

மருத்துவன் நாடி பிடித்து நோயறிவது போல, மிதியின்மீது வைத்த காலினாலேயே பழுதின் வகையை ஒருவாறு அறியலாம். மிதி மிகத் தாழ்ந்து, இருமுறை மும்முறை மிதித்தபின் உயர்கிறதா? கட்டைகளின் லைனிங் தேய்ந்து, டிரம்முக்கும் அவற்றுக்கும் இடைவெளி மிகுந்திருத்தல் கூடும். திருகினால் இடைவெளியைச் சரிசெய்தல் வேண்டும். தேய்வு மிகுந்திருப்பின் லைனிங்கையே மாற்றுதல் வேண்டும். பஞ்சை மிதிப்பது போலத் தோன்றுகிறதா? குழாயினுள் காற்றுப் புகுந்துள்ளது. எண்ணெயைப் போலன்றிக் காற்று எளிதிற் சுருங்குவது. அதனை முற்றும் வெளியேற்றுதல் வேண்டும். ஒரே அளவாக அழுத்தியிருக்கும்போதே மிதி மெல்ல மெல்லத் தாழ்கிறதா? எங்கோ எண்ணெய் கசிகிறது. சக்கரங்களின் உட்புறமும் குழாய்களும் ஈரமின்றி இருப்பின், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கலாம். மிதி உயர்ந்து உறுதியாக இருந்தும் வண்டி நிற்க மறுக்கிறதா? லைனிங்கில் எண்ணெயோ கிரீசோ படிந்திருத்தல் கூடும்.

குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்புவதோடு அமைவார் சிலர். அஃது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் வழி ஒன்றே. ஆதலின், ஓரிடத்துக் குழாய் அறுந்தால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும்.

“இரண்டாம் முறை மிதித்தால் பிடிக்கிறதே” என்று அமைதி கொள்வாரும் உளர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். சாலையின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போது, இரண்டாம் முறை மிதிப்பதற்கு நேரம் ஏது?

ஆதலின், மிதி தாழ்ந்த அன்றே வண்டியை நிறுத்தி, பழுதின் காரணத்தை ஆராய்ந்து களைதல் வேண்டும். வண்டியில் செல்வோர்க்கேயன்றி, வழியில் நடப்போர்க்கும் ஓட்டுநர் ஆற்றவேண்டிய கடமை அதுவேயாகும்.