பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்!

வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப்பைக் காட்டி, "இது இனிமே தேறாதும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக் கவலையில் இருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள். அலைந்து, நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தரும் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தி விட்டது. தனியாகப் பதிந்து கொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற வசதியும், ஓரளவு புது பிராசசரும் வேண்டுமாம். 2016-ல் வாங்கிய எங்கள் லேப்டாப்புக்கு அந்த யோகம் இல்லை.

புதுசுக்கு நாற்பதாயிரம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். மகள் பி.காம். முதல் வருஷம். காலேஜ் ஃபீஸ் கட்டிய மாசம் கையில் என்ன நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். "வளையலை வெச்சு வாங்கிடலாமா?" என்றார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு கடையில் ஐந்நூறு ரூபாய்க்குத் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அதே லேப்டாப்பில்தான் பேங்க் வேலை, மகளிர் குழு கணக்கு எல்லாம் பார்க்கிறோம். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத பீரோவில் பணம் வைப்போமா?

மகளின் சீனியர் ஒரு பெண்தான் லினக்ஸ் பற்றிச் சொன்னாள். பாக்கெட் மிளகாய்ப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மில்லில் அரைத்தால் கண்ணெதிரே நடக்கும். லினக்ஸும் அப்படித்தான். அதன் உள்விவரம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. நாம் பார்க்காவிட்டாலும் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துகிறார்கள். காசும் இல்லை. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்து வைத்தது.

நமக்கு இது புதுசும் இல்லை. சி-டாக் நிறுவனம் நம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' என்பதும் லினக்ஸ்தான். 2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருத்தர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் கொடுத்து என்ன பிரயோஜனம்? கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள்.

சரி, எதைப் போடுவது? லினக்ஸிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அழகைப் பார்க்காதீர்கள், எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும் என்று பாருங்கள். உபுண்டுவில் 'எல்டிஎஸ்' என்று போட்டிருப்பதற்கு ஐந்து வருஷம் வரும். 1993-லிருந்து இருக்கும் டெபியன் ரொம்ப உறுதி, ஆனால் புதியவர்களுக்குக் கொஞ்சம் கரடுமுரடு. நாங்கள் எடுத்தது லினக்ஸ் மின்ட் 22. உபுண்டுவை வைத்துச் செய்தது, 2029 வரை அப்டேட் உண்டு. திரை விண்டோஸ் மாதிரியே இருப்பதால் எனக்கே அரை மணியில் பழகி விட்டது. அதில் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற வகை எங்களுடையது போன்ற 4 ஜிபி மெஷினுக்கு இலேசாக இருக்கிறது. முன்பெல்லாம் ஃபேன் மிக்ஸி மாதிரி இரையும். (எங்கள் பக்கத்து லாரிப் புழுதிக்கும் அதில் பங்கு உண்டு. பிரித்துத் துடைத்த பிறகுதான் முழுசாக அடங்கியது.)

முக்கியமான விஷயம், எடுத்த எடுப்பில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். 8 ஜிபி பென் டிரைவில் அதை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது எதுவும் மாறாது. வைஃபை, சவுண்டு, கேமரா, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தது அழிந்து போகும், எனவே காலியானதாக எடுங்கள். பிடித்துப் போய் இன்ஸ்டால் செய்வதானால், கல்யாண போட்டோ முதல் மார்க் ஷீட் வரை எல்லாவற்றையும் வேறு ஒன்றில் காப்பி எடுத்து வைத்த பிறகே செய்யுங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். பி.காம். பிள்ளைகளுக்கு வேண்டிய டாலி லினக்ஸில் நேராக ஓடாது. அதனால் பழைய விண்டோஸை ஒரு ஓரத்தில் அப்படியே விட்டு, பக்கத்தில் மின்ட் போட்டுக் கொண்டோம். டாலி பழகும்போது மட்டும் நெட்டை அணைத்து விட்டு விண்டோஸுக்குப் போவாள். கடிதம், கணக்கெல்லாம் லிப்ரே ஆபீஸில் நடக்கிறது. வேர்டில் செய்த ஃபைல்கள் திறக்கின்றன, சிலசமயம் வரிகள் இடம் மாறி நிற்கும். தமிழ் 99 முறையில் டைப் அடிக்கவும் வசதி செய்து கொண்டோம். லினக்ஸில் வைரஸே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்டேட் வந்தால் உடனே போடுங்கள்.

பென் டிரைவ் இப்போது எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. அவர்கள் லேப்டாப்பில் எல்லாம் வருகிறது, வைஃபை மட்டும் பிடிக்கவில்லை. சில சிப்புகளுக்குத் தனியாக டிரைவர் போட வேண்டுமாம். செல்போனைக் கேபிளில் இணைத்து, அந்த நெட்டில் அதை இறக்கப் போவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

- ஒரு வாசகி, திருவொற்றியூர்